புலனக் குழுவில் அவதூறு, மிரட்டல், மோசடி: தோட்டப்புறத் தமிழர்களுக்கான முழுமையான சட்ட வழிகாட்டி

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழு என்றால் அதில் ஆலயத் தலைவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர், கிராணி, மளிகைக் கடைக்காரர், தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கும் ஷா ஆலாமுக்கும் குடிபோன பிள்ளைகள் எல்லாரும் இருப்பார்கள். அங்கே இரவு பத்து மணிக்கு, "திருவிழா வசூல்ல கைய வச்சவரு இப்ப நமக்கு நியாயம் பேசுறாரு" என்று ஒரு வரி விழுந்தால், பெயர் இல்லாவிட்டாலும் யாரைச் சொல்கிறது என்று ஊருக்கே தெரியும். மறுநாள் காலை ஒட்டுக்கடையில் அதுதான் பேச்சாக இருக்கும்.

மலேசியச் சட்டத்தில் இதற்கு வழி உண்டு. ஆனால் இப்படிப்பட்ட புகார்கள் பெரும்பாலும் நீதிமன்ற வாசலுக்கே போய்ச் சேருவதில்லை. ஆதாரம் அழிந்துபோயிருக்கும். அல்லது பாதிக்கப்பட்டவரே கோபத்தில் அதைவிட மோசமாக ஒரு குரல் பதிவு போட்டிருப்பார். அதனால் முதலில் செய்ய வேண்டியதிலிருந்தே தொடங்குவோம்.

முதல் ஒரு மணி நேரம்

பதில் எழுதாதீர்கள். குழுவை விட்டு வெளியேறாதீர்கள். அனுப்பியவரை பிளாக் செய்யாதீர்கள். அனுப்பியவர் ஏறத்தாழ இரண்டு நாள் வரை தன் செய்தியை எல்லாருடைய கைப்பேசியிலிருந்தும் நீக்க முடியும். குழு நிர்வாகி யாருடைய செய்தியையும் நீக்க முடியும். மறையும் செய்தி வசதி போட்டிருந்தால் 24 மணி நேரத்தில், 7 நாளில் அல்லது 90 நாளில் தானாகவே போய்விடும். ஆகவே அழுகையும் ஆத்திரமும் பிறகு, பதிவு முதலில்.

1. இன்னொரு கைப்பேசியை எடுத்து, அந்தச் செய்தி உங்கள் திரையில் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். ஒரு முறை மட்டும் பார்க்கும்படி அனுப்பிய படத்தை உங்கள் கைப்பேசியால் திரைப்பிடிப்பு எடுக்க முடியாது. அதற்கு இந்த இரண்டாவது கைப்பேசி ஒன்றே வழி.

2. உங்கள் கைப்பேசியில் திரைப்பதிவைத் தொடங்குங்கள். முகப்புத் திரையில் தேதியும் நேரமும் தெரிய ஆரம்பித்து, புலனத்தைத் திறந்து, குழுவின் பெயர், உறுப்பினர் எண்ணிக்கை, நிர்வாகிகள் யார் என்பதைக் காட்டுங்கள். பிறகு செய்திக்கு வாருங்கள். அதற்கு முன்னும் பின்னும் நடந்த உரையாடலையும் மெதுவாக நகர்த்திக் காட்டுங்கள். முன்பின் இல்லாத ஒற்றைத் திரைப்பிடிப்பை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் கேள்வியிலேயே அடித்துவிடுவார்.

3. அனுப்பியவரின் பெயரைத் தட்டி உள்ளே போய், அவருடைய எண் முழுதாகத் தெரியும்படி காட்டுங்கள். நாம் பலரையும் "குட்டி அண்ணன்", "லோரி மாமா" என்றுதான் பதிந்து வைத்திருப்போம். திரைப்பிடிப்பில் அந்தப் பெயர்தான் வரும், எண் வராது. பெயரை யாரும் தன் கைப்பேசியில் மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்பதால் எண் இல்லாத பிடிப்புக்கு மதிப்பு குறைவு.

4. குரல் பதிவாக இருந்தால் திரைப்பதிவு ஓடும்போதே ஒலிக்க விடுங்கள். பிறகு அந்தக் கோப்பைத் தனியாகவும் சேமியுங்கள்.

5. குழு அமைப்பில் உரையாடலை ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. படங்களோடு சேர்த்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். கூடுதல் தனியுரிமை வசதியைக் குழுவில் போட்டிருந்தால் ஏற்றுமதி ஆகாது. அப்போது திரைப்பதிவே கைகொடுக்கும்.

6. எடுத்த படங்களைப் புலனத்தில் படமாக அனுப்பிச் சேமிக்காதீர்கள். அளவு சுருங்கும், படத்துக்குள் இருக்கும் தேதி விவரமும் போய்விடும். மின்னஞ்சலில் இணைத்து அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் ஏற்றுங்கள். வெட்டவோ, சிவப்பு வட்டம் போடவோ வேண்டாம். வட்டம் வேண்டுமென்றால் நகல் ஒன்றில் போடுங்கள்.

முகநூலிலும் டிக்டாக்கிலும் திரைப்பிடிப்பு மட்டும் போதாது, இணைப்பு முகவரி வேண்டும். முகநூல் பதிவில் நேரம் காட்டும் எழுத்தைத் தட்டினால் அந்தப் பதிவுக்கே உரிய முகவரி திறக்கும். பதிவு பொதுவானதா, நண்பர்களுக்கு மட்டுமா என்று காட்டும் குறியையும், பகிர்வு எண்ணிக்கையையும் சேர்த்துப் பிடியுங்கள். டிக்டாக் நேரலை முடிந்ததும் பார்வையாளர் கையில் ஒன்றும் நிற்காது. நேரலை ஓடும்போதே பதிவு செய்ய வேண்டும்.

கடைசியாக ஒரு காகிதத்தில் தேதி, நேரம், யார் அனுப்பியது, யார் யார் பார்த்தார்கள் என்று உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள். குழுவில் இருக்கும் நம்பிக்கையான இரண்டு பேரிடம், அவர்கள் கைப்பேசியிலும் அந்தச் செய்தியை அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். பின்னால் அவர்கள்தான் சாட்சி. வழக்கு முடியும்வரை பழைய கைப்பேசியை விற்கக் கூடாது, ரீசெட் செய்யக் கூடாது.

நடந்தது எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது?

"அவதூறு" என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் அழைக்கிறோம். சட்டம் தனித்தனியாகப் பார்க்கிறது. தவறான கதவைத் தட்டினால் ஆறு மாதம் வீணாகும்.

சிவில் அவதூறுக்கு 1957-ஆம் ஆண்டு அவதூறுச் சட்டமும் நீதிமன்றத் தீர்ப்புகளும் வழிகாட்டுகின்றன. மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும் என்பதற்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது 1989-ஆம் ஆண்டின் அயோப் சாவுட் எதிர் டி.எஸ். சம்பந்தமூர்த்தி வழக்கு. சொன்ன சொல் மற்றவர் மதிப்பில் உங்களைத் தாழ்த்த வேண்டும். அது உங்களைக் குறிக்க வேண்டும். மூன்றாம் நபர் ஒருவரிடமாவது அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

பெயர் சொல்லாததால் தப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் இரண்டாவதைக் கவனிக்க வேண்டும். "நம்ம டிவிஷன் ஆலயத்துல போன வருஷம் கணக்கு எழுதினவரு" என்றால், அது யார் என்று தெரிந்த வாசகர் இருந்தாலே போதும். அறுபது வீடு உள்ள லயத்தில் அதை நிரூபிப்பது கடினமே இல்லை. மூன்றாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒருவர் உங்களுக்கு மட்டும் தனிச்செய்தியில் எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும் அது அவதூறு ஆகாது. வேறு யாரும் படிக்கவில்லை. அதற்கு வேறு பிரிவுகள் உண்டு. அதேபோல, வந்ததைத் தூக்கி இன்னொரு குழுவில் போட்டவரும் புதிதாக வெளியிட்டவரே ஆவார். "நான் ஃபார்வர்ட் மட்டும்தான் பண்ணேன்" என்பது பதில் ஆகாது.

வாயால் பேசிய பழிச்சொல்லுக்குப் பொதுவாகப் பண நட்டம் ஏற்பட்டதைக் காட்ட வேண்டும். ஆனால் ஒரு பெண்ணின் கற்பைப் பற்றியோ, ஒருவரின் தொழிலைப் பற்றியோ பழி சொன்னால் நட்டத்தைக் காட்டத் தேவையில்லை என்று அவதூறுச் சட்டமே விலக்களிக்கிறது. ஆலயக் கூட்டத்தில் பெண்களைப் பற்றி நாக்கில் வந்ததைப் பேசுபவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

குற்றவியல் சட்டத்திலும் அவதூறு உண்டு. 499, 500-ஆம் பிரிவுகளின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். ஆனால் போலீஸ் நேரடியாகக் கைது செய்யும் வகைக் குற்றம் அல்ல இது. விசாரிக்கவே அரசுத் தரப்பின் உத்தரவு வேண்டும்.

இணையத்தில் நடப்பவற்றுக்கு அதிகம் பயன்படுவது 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவு. ஆபாசம், பொய், மிரட்டல், மிகக் கடுமையாகப் புண்படுத்தும் உள்ளடக்கம் ஆகியவற்றை ஒருவரைத் தொல்லைப்படுத்தும் நோக்கத்தோடு அனுப்புவது இதில் அடங்கும். 11 பிப்ரவரி 2025 முதல் உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாகவும், சிறை ஓராண்டிலிருந்து இரண்டாண்டாகவும் உயர்ந்துவிட்டன. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் சிறை ஐந்தாண்டு வரை போகலாம்.

அடுத்தது இணையப் பகடிவதை. ஈஷா என்று டிக்டாக்கில் அறியப்பட்ட நம் பெண் 2024 ஜூலையில் உயிரை மாய்த்துக்கொண்டபோது, அவரை வசைபாடியவர்களில் ஒருவருக்குக் கிடைத்த தண்டனை 100 ரிங்கிட் அபராதம். 1955-ஆம் ஆண்டு சிறு குற்றங்கள் சட்டத்தின் 14-ஆம் பிரிவு அதற்கு மேல் அனுமதிக்கவில்லை. ஓர் உயிருக்கு நூறு வெள்ளியா என்று நாடே கொதித்தது. அதன் பிறகு குற்றவியல் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 11 ஜூலை 2025-இல் நடைமுறைக்கு வந்தன. துன்புறுத்தும் நோக்கத்தோடு மிரட்டும், ஏசும், இழிவுபடுத்தும் சொற்களைப் பயன்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறை. தூண்டுதலால் ஒருவர் உயிரை விட்டால் அல்லது விட முயன்றால் பத்தாண்டு வரை. தனிச்செய்தியில் வரும் வசைக்கும் இது பொருந்தும். 11 ஜூலை 2025-க்கு முன் அனுப்பிய செய்திகளுக்கு இந்தப் பிரிவுகள் பொருந்தாது.

வீட்டில் யாரேனும் இப்படிப்பட்ட வசையால் உயிரையே வெறுத்துப் பேசினால் வழக்கெல்லாம் இரண்டாம் பட்சம். தாலியான் காசிஹ் 15999, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 என்ற உதவி எண்களை அழையுங்கள். அன்றிரவு அவரைத் தனியே விடாதீர்கள்.

உண்மை என்றாலும் எங்கே சொல்கிறீர்கள் என்பது முக்கியம்

ஆலயக் கணக்கு உண்மையிலேயே இடித்தால் என்ன செய்வது? வாயை மூடிக்கொண்டு இருக்கச் சட்டம் சொல்லவில்லை. உண்மை என்பது அவதூறுக்கு முழுத் தற்காப்பு. ஆனால் நிரூபிக்கும் சுமை சொன்னவர் தலையில் இருக்கிறது. "ஊரே பேசுது" என்பது நிரூபணம் ஆகாது. ரசீதுப் புத்தகம், வங்கி அறிக்கை, கூட்டக் குறிப்பு என்று கையில் ஏதாவது இருக்க வேண்டும். நியாயமான கருத்து என்ற தற்காப்பும் உண்டு. "இத்தனை ஆயிரம் வசூல் என்று அறிவித்தார்கள், கணக்கு இன்னும் தரவில்லை, இது பொறுப்பற்ற நிர்வாகம்" என்பது உண்மையின் மேல் நிற்கும் கருத்து. "திருடிட்டான்" என்பது குற்றச்சாட்டு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் பல வழக்குகளைத் தீர்மானிக்கிறது.

புகாரை உரிய இடத்தில் எழுதினால் சட்டப் பாதுகாப்பு கூடும். ஆலயம் பதிவு பெற்ற சங்கம் என்றால் சங்கப் பதிவகத்துக்கு எழுதலாம். கெட்ட எண்ணம் இல்லாதவரை அது பாதுகாக்கப்பட்ட தகவல். போலீஸ் புகாரில் சொல்வதற்கு முழுப் பாதுகாப்பு இருக்கிறது. புகாரில் எழுதியதற்காக அவதூறு வழக்குப் போட முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் லீ யோக் யாம் வழக்கில் கூறியிருக்கிறது. தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் குற்றவியல் சட்டத்தின் 182-ஆம் பிரிவு பாயும் என்பது வேறு.

இங்கேதான் நம் ஆட்கள் அடிக்கடி ஒரு தவறு செய்கிறார்கள். புகார் கொடுத்த கையோடு அந்தப் போலீஸ் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து முகநூலில் போட்டுவிடுகிறார்கள். போலீஸிடம் சொன்னதற்குத்தான் பாதுகாப்பு. முகநூலில் போட்டது தனி வெளியீடு, அதற்கு அந்தக் கவசம் கிடையாது. போதாததற்கு அந்தத் தாளில் உங்கள் ஐசி (அடையாள அட்டை) எண், முகவரி, கைப்பேசி எண் எல்லாம் இருக்கும். மோசடிக்காரனுக்கு அதுவே போதும்.

சீட்டுப் பணத் தகராறுக்கு ஓர் எச்சரிக்கை. 1971-ஆம் ஆண்டு கூட்டு நிதித் தடைச் சட்டத்தின்படி சீட்டு நடத்துவதே குற்றம். சீட்டு நடத்தியவரே "இன்னார் கட்டாமல் ஓடிட்டார்" என்று குழுவில் படத்தோடு போட்டால், அவதூறோடு தன் மேல் தானே வாக்குமூலம் எழுதிக் கொடுத்ததாகவும் ஆகும்.

உங்கள் பெயரில் இருக்கும் சிம், உங்கள் கையில் இருக்கும் குழு

1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்ற பிரிவு 31 ஜூலை 2012 முதல் அமலில் இருக்கிறது. ஒரு பதிவில் உங்கள் பெயரோ, படமோ, புனைபெயரோ உரிமையாளர், நிர்வாகி, ஆசிரியர் என்ற நிலையில் தெரிந்தால் அதை வெளியிட்டது நீங்கள்தான் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இணைப்பு உங்கள் பெயரில் பதிவாகியிருந்தாலும், செய்தி கிளம்பிய கருவி உங்கள் வசம் இருந்தாலும் அப்படியே. இல்லை என்று நிரூபிப்பது உங்கள் வேலை.

தோட்டத்தில் இது வெறும் ஏட்டுச் சட்டம் இல்லை. கூட வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இரக்கப்பட்டுத் தன் ஐசியில் சிம் வாங்கிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அப்பாவின் பெயரில் மூன்று பிள்ளைகளின் எண்ணும் இருக்கும். அந்த எண்ணிலிருந்து மிரட்டல் போனால் போலீஸ் முதலில் கதவைத் தட்டுவது அப்பாவின் வீட்டை. உங்கள் ஐசியில் எத்தனை எண் இருக்கிறது என்று தொலைத்தொடர்பு நிறுவனக் கடையில் கேட்டு, பயன்படுத்தாததை இரத்து செய்யுங்கள். மற்றவர் பயன்படுத்துவதை அவரவர் பெயருக்கு மாற்றுங்கள்.

குழு நிர்வாகிகளும் கவனிக்க வேண்டும். வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக ஒரு செய்தித் தளத்தின் மீது தொடுக்கப்பட்ட நீதிமன்ற அவமதிப்பு வழக்கில், கூட்டரசு நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் இந்த அனுமானத்தைப் பயன்படுத்தி 500,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. அது பெரிய ஊடகம், உங்களுடையது சின்னக் குழு. ஆனாலும் அவதூறான செய்தி வந்தால் செய்ய வேண்டியது ஒன்றே: பார்த்ததும் ஒரு பிடிப்பு எடுத்து வைத்துவிட்டு நீக்குங்கள். நீக்கிய நேரத்தையும் காரணத்தையும் குழுவில் ஒரு வரியில் எழுதுங்கள். நீங்கள் உடந்தை இல்லை என்பதற்கு அந்த வரியே ஆதாரம்.

போலீஸ் புகார் எழுதும் முறை

எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். சம்பவம் வேறு மாவட்டத்தில் நடந்தது என்று திருப்பி அனுப்பத் தேவையில்லை, அவர்களே உரிய இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். ஐசி, அசல் கைப்பேசி, அச்சிட்ட பிடிப்புகள், பென்டிரைவ் எல்லாவற்றையும் கொண்டு போங்கள்.

போகுமுன் ஒரு தாளில் மலாயில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தக் குழு, எந்த எண்ணிலிருந்து, சொன்ன சொற்கள் அப்படியே, நீங்கள் அதை எங்கே இருந்து பார்த்தீர்கள், வேறு யார் பார்த்தார்கள். இதற்கு மேல் கதை வேண்டாம். "என்னை அசிங்கப்படுத்திவிட்டார்" என்று மட்டும் எழுதிய புகாரில் விசாரணை அதிகாரி பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. மிரட்டல் இருந்தால் அந்த வரியை முதலில் வையுங்கள். தட்டச்சு செய்ததைக் கையெழுத்துப் போடுமுன் முழுக்கப் படியுங்கள். புரியாவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். புகாரில் தவறிய ஒரு தேதியை இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்தில் வைத்துக் கேட்பார்கள்.

புகார் எண், விசாரணை அதிகாரியின் பெயர், தொலைபேசி எண் மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியை எடுத்துக்கொண்டால் கைப்பற்றிய பொருள் பட்டியலின் நகல் கேளுங்கள். கொடுக்குமுன் வங்கிச் செயலிக்கு வேறு கருவியில் வழி செய்துகொள்ளுங்கள், கைப்பேசி திரும்பி வர மாதங்கள் ஆகலாம். கைது செய்ய முடியாத வகைக் குற்றம் என்றால் மாஜிஸ்திரேட்டிடம் நேரடியாகப் புகார் செய்யும்படி போலீஸ் சொல்லக்கூடும். அது தட்டிக்கழிப்பு என்று எண்ணி விட்டுவிடாதீர்கள், சட்டத்தில் உள்ள வழிதான்.

கூடவே மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடமும் புகார் கொடுங்கள். எண் 1-800-188-030. இணையத்திலும் பதியலாம். பதிவை நீக்கச் சொல்லித் தளத்தை வலியுறுத்துவது அவர்கள் வேலை. கணக்கு ஊடுருவல் என்றால் இணையப் பாதுகாப்பு உதவி மையமான சைபர்999-க்கு 1-300-88-2999. ஆதாரம் முழுதும் கையில் வந்த பிறகே பதிவை நீக்கச் சொல்லுங்கள். அவசரப்பட்டு முதலில் நீக்க வைத்துவிட்டு, பிறகு இணைப்பு முகவரி கேட்டால் எங்கும் கிடைக்காது.

திரைப்பிடிப்பு எப்போது சாட்சியம் ஆகிறது?

சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு, கணினி உருவாக்கிய ஆவணத்தை ஏற்கிறது. கைப்பேசியும் இந்த அர்த்தத்தில் கணினிதான். வழக்கமான பயன்பாட்டில் உருவான ஆவணம் என்று ஒரு சான்றிதழ் வேண்டும். அதைக் கருவியின் இயக்கத்துக்குப் பொறுப்பானவர் கையெழுத்திட வேண்டும். உங்கள் கைப்பேசி என்றால் நீங்கள்தான். கருவியின் மாதிரி, எண், எந்தத் தேதியில் எந்தச் செயலியிலிருந்து எடுத்து எந்த அச்சுப்பொறியில் அச்சிட்டது, கருவி அப்போது சரியாக இயங்கியது என்பதை அதில் எழுதுவார்கள். வழக்கறிஞர் அதற்கு வடிவம் கொடுப்பார். பொறுப்பானவரே நீதிமன்றத்தில் வந்து வாய்மொழியாகச் சொன்னால் சான்றிதழ் கட்டாயமில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஞானசேகரன் எதிர் அரசுத் தரப்பு வழக்கில் 1997-இலேயே கூறிவிட்டது.

ஆவணம் ஏற்கப்படுவது ஒன்று, அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பது வேறு. நண்பர் அனுப்பிய பிடிப்பை வைத்துக்கொண்டு நீங்கள் சான்றிதழ் எழுத முடியாது. அது அவருடைய கைப்பேசியில் உருவானது, அவர்தான் வர வேண்டும். நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவராக நிற்கும் வழக்கில், நீங்களே எடுத்த கணினி ஆவணத்துக்கு 90ஏ-வின் ஏழாவது உட்பிரிவு தடை போடுகிறது. அப்போது ஆரம்பத்திலேயே வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

மொழியும் ஒரு சிக்கல். அவதூறான சொற்களை மூலத் தமிழிலேயே மனுவில் எழுதி, கூடவே சான்றளித்த மலாய் மொழிபெயர்ப்பைத் தர வேண்டும். "கைய வச்சிட்டாரு", "ஏப்பம் விட்டாச்சு" போன்றவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நீதிபதிக்குக் குற்றச்சாட்டே தெரியாது. இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதையும் மனுவில் தனியாகச் சொல்லி, சாட்சியை வைத்து நிரூபிக்க வேண்டும்.

ஆதாரம் தேடப் போய் நீங்களே குற்றவாளி ஆகிவிடக் கூடாது. கணவர், மனைவி, மருமகன் யாராக இருந்தாலும் அனுமதியில்லாமல் கடவுச்சொல் போட்டு அவர் கணக்குக்குள் நுழைவது 1997-ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி 50,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ தரக்கூடிய குற்றம்.

நோட்டீஸ், மன்னிப்பு, வழக்கு

தீபகற்பத்தில் அவதூறு வழக்குக்குக் கால வரம்பு ஆறு ஆண்டுகள். அதை நம்பி ஆறப்போடாதீர்கள். முதல் படி வழக்கறிஞர் நோட்டீஸ். சொன்ன சொல், நேரம், இடம் குறிப்பிட்டு, நீக்க வேண்டும், அதே குழுவில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இனிச் சொல்ல மாட்டேன் என்று எழுதித் தர வேண்டும், இழப்பீடு தர வேண்டும் என்று கேட்பார்கள். வழக்கமாக 7 அல்லது 14 நாள் அவகாசம் இருக்கும்.

எங்கள் துணிந்த அபிப்பிராயம்: தோட்டப்புறக் குழுச் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே முடிய வேண்டும். வழக்கென்று போனால் ஒரு இலட்சம் ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், பத்து இலட்சம் வரை செஷன்ஸ் நீதிமன்றம், அதற்கு மேல் ஈப்போவிலோ தைப்பிங்கிலோ உயர் நீதிமன்றம். தோற்றவர் மற்றவரின் செலவையும் ஓரளவு ஏற்க வேண்டியிருக்கும். வென்றவரின் இழப்பீடு சில நேரம் வழக்கறிஞர் கட்டணத்தைக்கூட எட்டுவதில்லை. இழந்த மதிப்பு எந்தக் குழுவில் போனதோ, அந்தக் குழுவிலேயே வரும் தெளிவான மன்னிப்புதான் பெரும்பாலானோர் உண்மையில் தேடுவது.

நோட்டீஸ் உங்களுக்கு வந்தால் கிழித்துப் போடாதீர்கள், அதையும் குழுவில் போட்டுக் கேலி செய்யாதீர்கள். கெட்ட எண்ணம் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி ஆகும். சொன்னது தவறு என்றால் விரைவில் மன்னிப்புக் கேளுங்கள். அவதூறுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, முன்கூட்டிக் கேட்ட மன்னிப்பை இழப்பீட்டைக் குறைக்கும் காரணமாக ஏற்கிறது. "யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்று மழுப்புவது மன்னிப்பு ஆகாது. "இன்ன தேதியில் இன்னாரைப் பற்றி நான் எழுதியது உண்மை அல்ல, அதை மீட்டுக்கொள்கிறேன், மன்னிப்புக் கேட்கிறேன்" என்று எழுதுங்கள். இழப்பீடும் கேட்டிருந்தால் மன்னிப்பு அனுப்புமுன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

போலீஸ் உங்களைக் கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ள விட வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு இது. குடிமக்களுக்குக் கைதான கட்டத்திலிருந்தே தேசிய சட்ட உதவி அறநிறுவனம் வழக்கறிஞர் அனுப்புகிறது. வாக்குமூலத்தில் உங்கள் மேல் குற்றம் சுமத்தக்கூடிய கேள்விக்குப் பதில் மறுக்கலாம், ஆனால் பொய் சொல்லக் கூடாது.

படம், ஐசி, குடும்ப விஷயம்

2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எல்லாவற்றையும் காக்கும் என்று நம்ப வேண்டாம். அது வணிகப் பரிவர்த்தனைகளுக்கு மட்டுமே. கடை, வட்டிக்கடை, மருத்துவமனை உங்கள் விவரத்தைக் கசியவிட்டால் அது பொருந்தும். பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் ஐசி படத்தைக் குழுவில் போட்டால் பொருந்தாது. அதற்குத்தான் குற்றவியல் சட்டத்தின் புதிய 507 வரிசைப் பிரிவுகள். துன்புறுத்தும் நோக்கத்தோடு அடையாள விவரங்களைப் பரப்புவது அவற்றில் தனிக் குற்றம். கடன்காரனின் ஐசியையும் வீட்டு முகவரியையும் போட்டு மானத்தை வாங்குவதும் இதில் அகப்படும்.

தனிமனித சுதந்திரத்தில் தனியுரிமையும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் சிவராசா ராசையா வழக்கில் 2010-இல் கூறியது. அதே ஆண்டில், அனுமதியின்றி நோயாளியின் அந்தரங்கப் படத்தை எடுத்ததற்குப் பினாங்கு உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்கியது.

அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால் ஒரு காசும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் கேட்பது நிற்காது, கூடும். உரையாடலையும், அவன் கொடுத்த வங்கிக் கணக்கு எண்ணையும் பிடித்துக்கொண்டு நேரே போலீஸுக்குப் போங்கள். மிரட்டிப் பணம் பறித்தல் 384-ஆம் பிரிவு, மானத்தை இழிவுபடுத்துதல் 509-ஆம் பிரிவு. ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவசச் சேவையில் படத்தைப் பதிவேற்றத் தேவையில்லை. உங்கள் கைப்பேசியிலேயே படத்துக்கு ஓர் எண்முத்திரை உருவாகி, அது மட்டும் தளங்களுக்குப் போகும். அந்தச் சேவையில் சேர்ந்த தளங்களில் அதே படம் ஏறினால் தடுக்கப்படும்.

படத்தில் இருப்பது 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் மேலே சொன்ன பிடிப்பு வழிமுறை எதுவும் பொருந்தாது. நகல் எடுக்காதீர்கள், ஆதாரத்துக்கென்றும் யாருக்கும் அனுப்பாதீர்கள். 2017-ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றச் சட்டத்தில் அதை வைத்திருப்பதே குற்றம். "பாருங்க இந்தக் கொடுமைய" என்று நல்ல எண்ணத்தில் பகிர்ந்தவரும் மாட்டிக்கொள்வார். படம் இருக்கும் கைப்பேசியை அப்படியே எடுத்துக்கொண்டு நேரே காவல் நிலையத்துக்குப் போங்கள்.

பணம் போய்விட்டால்

இங்கே நிமிடக் கணக்குதான். ஏமாந்தது தெரிந்ததும் 997-ஐ அழையுங்கள். அதுதான் தேசிய மோசடி எதிர்ப்பு மையம். பணம் கணக்குக் கணக்காகத் தாவுவதற்குள் முடக்குவது அவர்கள் வேலை. உங்கள் வங்கி, பணம் போன கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். லைன் கிடைக்காவிட்டால் வங்கியின் 24 மணி நேர எண்ணை அழைத்து, செயலியில் இருக்கும் அவசர முடக்கப் பொத்தானை அழுத்துங்கள். அன்றே போலீஸ் புகார் கொடுங்கள். வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்தவர்களின் பணம் திரும்புவது மிக அரிது. பணம் போடுவதற்கு முன்பே என்றால், போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள். ஏற்கெனவே புகார் இருந்தால் காட்டும். ஒன்றும் காட்டாததால் மட்டும் பாதுகாப்பு என்று பொருளில்லை, புதிய கணக்குகள் அதில் இருக்காது.

தோட்டப்புற இளைஞர்களிடம் இப்போது ஒரு பேச்சு பரவலாக வருகிறது: "உன் ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் கொடு, மாசம் சில நூறு வெள்ளி தர்றேன்." அந்தக் கணக்கு வழியாகத்தான் ஏமாந்தவர்களின் பணம் ஓடும். வழக்கில் முதலில் நிற்பது கணக்குக்காரர்தான், கார்டை வாங்கியவனைக் கண்டுபிடிக்கவே முடியாமல் போகலாம். 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் குற்றவியல் சட்டத்தின் 424ஏ தொடங்கிப் புதிய பிரிவுகள் இதற்கென்றே சேர்க்கப்பட்டன. ஏற்கெனவே கொடுத்துவிட்ட பிள்ளை வீட்டில் இருந்தால், இன்றே வங்கிக்குப் போய்க் கார்டை முடக்கி, கணக்கு அறிக்கையை வாங்கி, யாருக்கு எப்போது எப்படிக் கொடுத்தது என்ற உரையாடல்களை அழிக்காமல், வழக்கறிஞர் ஒருவரோடு போய்த் தானாக முன்வந்து புகார் கொடுக்கச் சொல்லுங்கள். போலீஸ் தேடி வருவதற்கு முன் கொடுத்த புகாரும், வந்த பிறகு சொல்லும் விளக்கமும் நீதிமன்றத்தில் ஒரே எடை பெறுவதில்லை.